கடுகு வெடிக்காத வீடு

"இந்தக் கோட்டைப் பாருங்க மேடம். குற்றவாளி யாருன்னு இதுவே சொல்லும்."

துப்பறியும் நிபுணர் முத்துப்பாண்டி சுவரில் ஒட்டியிருந்த சார்ட் பேப்பரை ஸ்கேலால் தட்டினான். பேப்பரிலிருந்து கிளம்பிய மாவு நேராக அவன் மூக்கிலேயே ஏறியது. மதுரை ஆனையூரில் அவனுடைய 'கழுகுப் பார்வை டிடெக்டிவ் ஏஜென்ஸி' இருப்பது ஒரு மாவு மில்லின் மாடியில். அந்த ஆபீசில் யார் எதைத் தொட்டாலும் கைரேகை தானாகவே விழும். அப்படியும் போன மாதம் காணாமல் போன ஸ்டேப்ளரை யார் எடுத்தார்கள் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு தும்மல் போட்டு முடித்தான். எதிர் நாற்காலியில் இருந்த பிரியம்வதா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். வங்கி அதிகாரி. முப்பத்தைந்து வயது. நாலு நாளாகத் தூங்காத முகம்.

அவள் கொண்டுவந்த வழக்கு இது. அப்பா கல்யாணராமன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒன்பது வருஷத்துக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் ஒரு நம்பர் சொல்லும். இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தம் கட்டும், மேலே போனால் கசியும். வருஷக்கணக்காக ஒழுங்காக இருந்த நம்பர் ஆடி மாதத்தில் இறங்க ஆரம்பித்தது. ஐப்பசியில் ஒருநாள் அவருடைய இடது கை பத்து நிமிஷம் மரத்துப் போனது. அடுத்த தடவை பத்து நிமிஷத்தோடு போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆறு வருஷமாக அந்த வீட்டில் சமையல் செய்பவள் பாண்டியம்மாள். கொல்லைப்புற அறையிலேயே தங்கியிருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

"ஆடியில ஒண்ணு புள்ளி எட்டு. ஆவணியில ஒண்ணு புள்ளி ஆறு" என்று ஸ்கேலை நகர்த்தினான் முத்துப்பாண்டி. "ஆனா புரட்டாசியில பாருங்க, கோடு ஜம்முனு ஏறுது. ரெண்டு புள்ளி ஒம்பது! அப்ப வீட்ல என்ன நடந்துச்சு?"

"மகாளய பட்சம். பதினஞ்சு நாளும் அம்மாவே மடியா சமைப்பா. பாண்டியம்மாவுக்கு லீவு."

"லீவு! அவ திரும்பி வந்தப்பறம்?"

"மறுபடியும் இறங்கிடுத்து. டாக்டர் ரெண்டு தடவை டோஸை ஏத்திட்டார்."

"அம்புட்டுத்தான் மேடம். அவ இருந்தா எறங்குது, இல்லாட்டி ஏறுது. மாத்திரைய மாத்திக் குடுக்குறா." முத்துப்பாண்டி ஸ்கேலை மேஜை மேல் வைத்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வழக்கை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முடித்துவிட்ட பெருமை அவன் நெஞ்சை நிறைத்தது.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் பிரியம்வதா. "நாலு நாள் முன்னாடி அவளை வீட்டை விட்டு அனுப்பிட்டேன். இன்னிக்குக் கார்த்தால அப்பா பல் தேய்க்கறச்சே ஈறுல ரத்தம் வந்தது. மாத்திரை இப்பதான் நன்னா வேலை செய்யறதுன்னு அர்த்தம், இல்லையா?"

"கண்டிப்பா!" என்றான் முத்துப்பாண்டி.

அந்தக் 'கண்டிப்பா'வை நினைத்து அவன் பிறகு பல நாள் வெட்கப்பட்டான்.

"நாலு மணிக்குப் போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேன். உங்க ரிப்போர்ட்டை மூணரைக்குள்ள அனுப்பிடுங்கோ." பிரியம்வதா புடவையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த நாகஜோதி கையை எடுத்தாள். ஏஜென்ஸியின் ஒரே ஊழியர். முன்பு ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்தவள். வயது முப்பத்தெட்டு, வாய்க்கு வயது அதைவிட அதிகம்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஆறு வருஷமா அந்தம்மாதான் மாத்திரை குடுக்குது. இம்புட்டு வருஷம் நல்லா இருந்த நம்பரு ஆடி மாசம் மட்டும் ஏன் விழுந்துச்சு?"

"நல்ல கேள்வி. அதைப் போலீஸ் பாத்துக்குரும்."

"ரிப்போர்ட்ல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன அடிக்க?"

"காலியா விடு. பாக்க மர்மமா இருக்கும்."

"சரி. அந்தம்மாவ நீங்க ஒரு தடவையாச்சும் பாத்தீகளா?"

"எதுக்கு? எல்லாம் பேப்பர்ல இருக்கே."

"பொண்ணு பாக்காமக்கூடச் சில பேரு தாலி கட்டிருவாக. ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியாச்சும் ஒரு தடவ மூஞ்சியப் பாக்க வேணாமாண்ணே?"

முத்துப்பாண்டிக்குக் கோபம் வந்தது. அவள் சொல்வது சரியாக இருக்கும்போதெல்லாம் அவனுக்கு வருகிற கோபம் அது. சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான்.

திருமங்கலத்துக்கு நாகஜோதியின் ஸ்கூட்டரில்தான் போனார்கள். அவள் ஓட்ட, மதுரையின் கழுகுப் பார்வை பின்சீட்டில் ஹேண்ட்பேக்கைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. அவனுடைய லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருஷம். கப்பலூர் தாண்டும்போது ஒரு லாரி உரசுவது போலப் போக, கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணத் தொறங்கண்ணே. ஏதாச்சும் துப்புக் கெடக்கப் போகுது ரோட்டுல."

பாண்டியம்மாளின் தம்பி பேயாண்டி திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு அருகே மெஸ் வைத்திருந்தான். வேலையும் போய், தங்கின அறையும் போனதால் அவள் அங்கே வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கட்டையான உடம்பு. அடுப்படியில் பெரிய இருப்புச்சட்டிக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒரு அண்டா நிறைய அரிந்த முட்டைக்கோஸ்.

"பிரியா பாப்பா துப்பறிய ஆளு வைப்பேன்னு சொல்லுச்சே, அது நீங்கதானா?" என்றாள் திரும்பாமலே. "உக்காருங்க. கடுகு வெடிச்சிரட்டும்."

முத்துப்பாண்டி கடுமையான குரலை வரவழைத்தான். "மாத்திரைய நீங்க மாத்திக் குடுத்தீங்களா?"

"எண்ணிப் பாத்து எடுத்து, ஐயா கையில வச்சு, அவரு முழுங்குற வரைக்கும் நின்னுதான் நகருவேன். நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க." அவள் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று சொல்ல முடியாது, அது கேஸ் அடுப்பு. "ஆறு வருசம் என் கையால சாப்புட்ட வீடு. விஷம் வைக்கிறேன்னு சொல்லிட்டாகளே. அந்தப் பாப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப நான் ரசஞ்சோறு ஊட்டிவிட்டுருக்கேன்."

முத்துப்பாண்டி அடுத்த கேள்வியை ஃபைலில் தேடினான். நாகஜோதிதான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வாசன தூக்குதே. ஐயா வீட்லயும் இப்படித்தான் பொரியலா?"

"எங்கிட்டு!" பாண்டியம்மாள் கோஸை அள்ளிச் சட்டியில் போட்டாள். "இங்க வந்துதான் தாயி நான் ஒழுங்காக் கடுகு தாளிக்கிறேன். நாலு மாசமா அந்த வீட்ல கடுகு வெடிச்ச சத்தமே கெடையாது. ஐயா விட மாட்டாரு."

"ஏன்?"

"கடுகப் பச்சையா அரைச்சு வச்சுக்கிட்டு, கோஸு வெந்து எறக்குனதுக்கு அப்பறம் மேல தூவணுமாம். கோஸ அரிஞ்ச ஒடனே அடுப்புல வைக்கக் கூடாதாம், நாப்பது நிமிசம் சும்மா வச்சிருக்கணுமாம். காலிஃப்ளவரும் அப்படித்தான். நானும் முப்பது வருசமா ஆக்குறேன், இப்படி ஒரு கூத்த எங்கயும் கண்டதில்ல. நடக்கப் போற பார்க்குல எவனோ ஒரு அறிவாளி மைக்கப் புடிச்சுப் பேசுனானாம்."

நாகஜோதி மெதுவாகத் தலையைத் திருப்பி முத்துப்பாண்டியைப் பார்த்தாள்.

அவன் அண்டாவைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். பார்ப்பதற்கு அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. ஆனையூர் பார்க்கில், நடையாளர் சங்கத்தில் 'என் துப்பறியும் அனுபவங்கள்' என்று இருபது நிமிஷம் பேச அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ள அனுபவமெல்லாம் நாலாவது நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மீதிப் பதினாறு நிமிஷத்துக்கு என்ன செய்வது? முதல்நாள் அழகுமலை சலூனில் காத்திருந்தபோது ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்த கட்டுரை நினைவுக்கு வந்தது. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், புரொக்கோலி, முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் சல்ஃபோராஃபேன் என்று ஒரு சத்து. அது காயில் தயாராக இருப்பதில்லை. அரியும்போது இரண்டு பொருள்கள் ஒன்றுகூடித்தான் அது உண்டாகிறது. உடனே சூடு காட்டினால் அந்த இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். அதனால் அரிந்து நாற்பது நிமிஷம் வை, அல்லது வெந்தபின் பச்சைக் கடுகுப் பொடி தூவு. உடம்பில் அழற்சியைக் குறைக்க அது உதவக்கூடும் என்று ஆராய்ச்சி நடக்கிறது என்றுதான் பத்திரிகை எழுதியிருந்தது. முத்துப்பாண்டி மைக்கில் அதை, சர்க்கரை, மூட்டுவலி, கேன்சர் எல்லாம் ஓடியே போகும் என்று மாற்றிப் பேசினான். கைதட்டல் பிரமாதம். அவன் துப்பறிந்ததற்கு யாரும் அப்படித் தட்டியதில்லை.

கட்டுரையின் அடுத்த பக்கம்? அதை அழகுமலை சவரக்கத்தி துடைக்கக் கிழித்துவிட்டிருந்தான்.

"மைக்க நான்தான் புடிச்சிருந்தேன்" என்றாள் நாகஜோதி, யாரிடமும் சொல்லாதது போல.

"வேற என்ன சாப்புட்டாரு?" முத்துப்பாண்டியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பாண்டியம்மாள் தயங்கினாள். "ஐயா சொல்லக்கூடாதுன்னாரு."

"அக்கா, அவரு உசுரு விஷயம்" என்றாள் நாகஜோதி.

"விடியக்காலம் சாறு குடிப்பாரு. முள்ளங்கிக் கீர, புரொக்கோலியாமே அந்தப் பச்சப் பூ, பச்சக் கோஸு எல்லாம் போட்டு மிக்சியில அடிச்சு ஒரு பெரிய டம்ளரு. மாமிக்கு அந்த வாட ஆகாது. அதனால கொல்லையில தொவைக்கிற கல்லுக்கிட்ட நின்னு திருட்டுத்தனமாக் குடிப்பாரு. நாலு மாசமா, நான் இருக்குற அன்னைக்கெல்லாம் ஒருநாள் தவறல."

"பாப்பா உங்களத் திட்டுனப்ப இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான் முத்துப்பாண்டி.

"மாத்திரையப் பத்தித்தானே கேட்டாக? முட்டக்கோஸப் பத்தி யாரு கேட்டா?"

நாகஜோதி அதற்குள் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தமாகப் படித்தாள். "இந்தக் காய்களிலும் கீரைகளிலும் வைட்டமின் கே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் திடீரென்று கூட்டினால் மாத்திரையின் வேலை குறையும். தைராய்டு சுரப்பு குறைவாக உள்ளவர்கள் பச்சையாக அளவுக்கு மீறிச் சாப்பிட வேண்டாம். சிலருக்கு வயிற்று உப்புசம் வரும்." நிமிர்ந்தாள். "உங்க சல்போரா என்னமோ, அது பாவம்ணே, ஒண்ணும் பண்ணல. கூடவே குடியிருக்குற கே-தான் வேலையக் காட்டிருக்கு."

"இருக்கட்டும். ஆனா பட்சம்?" முத்துப்பாண்டி கடைசி முயற்சியாகத் தன் கோட்டைக் கட்டிப்பிடித்தான். "பட்சத்துல நீங்க லீவு. அப்பத்தான நம்பரு ஏறுச்சு?"

பாண்டியம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பட்சத்துல கோஸு, காலிஃப்ளவரு எல்லாம் அவுக வாசப்படி ஏறாதுங்க. இங்கிலீசு காயி ஆகாதுல்ல? வாழக்கா, பூசணி, பொடலங்கா, சேப்பங்கெழங்கு இதுகதான். சாறும் கெடையாது. நான் லீவுல போற அன்னைக்கே கோஸுக்கும் லீவு."

முத்துப்பாண்டி ஸ்டூலைத் தேடினான். அதில் நாகஜோதி உட்கார்ந்திருந்ததால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். இரண்டு நாள் ராப்பகலாகப் போட்ட கோடு. மூன்று கலர் ஸ்கெட்ச் பேனா. அந்தக் கோடு ஒரு சமையல்காரியின் வரவையும் போக்கையும் காட்டுகிறது என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தான். அது காட்டியது முட்டைக்கோஸின் வரவும் போக்கும்.

"அண்ணே, இன்னொரு வரி இருக்கு." நாகஜோதியின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "திடீருன்னு கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாதுன்னு போட்டுருக்கு. நாலு நாளா அக்கா அங்க இல்ல. அப்ப சாறு?"

"மாமி போட மாட்டாக" என்றாள் பாண்டியம்மாள். "ஐயாவுக்கு மிக்சி போடத் தெரியாது."

சாறு நின்று நாலு நாள். ஆனால் டாக்டர் ஏற்றிய டோஸ் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. காலையில் ஈறில் ரத்தம். அவன் சொன்ன 'கண்டிப்பா'. மாத்திரை நன்றாக வேலை செய்யவில்லை, அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ஆறு மணிக்கு இன்னொன்று கொடுப்பார்கள்.

பிரியம்வதாவுக்குப் போன் போட்டான். கட் பண்ணினாள். மறுபடி போட்டான். 'மீட்டிங்கில் இருக்கிறேன், ரிப்போர்ட் எங்கே?' என்று மெசேஜ் வந்தது. ஃபைலில் இருந்த வீட்டு நம்பருக்கு அடித்தான். ஆறாவது ரிங்கில் அம்மா பாகீரதி எடுத்தாள்.

"மாமி, சாருக்கு எப்படி இருக்கு?"

"படுத்துண்டிருக்கார். கையில திட்டுத் திட்டா நீலமா இருக்கு, எங்கேயும் இடிச்சுக்கலையாம். நீங்க யாரு?"

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமி. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அடுத்த மாத்திரை குடுக்கவே குடுக்காதீங்க. நாலு மாசமா தெனமும் கீரைச் சாறு குடிச்சவரு, திடீருன்னு நிறுத்திட்டாருன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

"சாறா? இவரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. துப்பறிந்து கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். பாண்டியம்மாள் கரண்டியோடு எதிரே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கச் சொன்னதே நான்தான் மாமி" என்றான்.

பாண்டியம்மாள் அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். "நான் ஐயாவப் பாக்கணும்." ஸ்கூட்டரில் இரண்டு பேருக்குத்தான் இடம். நாகஜோதி அவளை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டாள். முத்துப்பாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே மதுரை வந்து சேர்ந்தான். கால் வலித்தது. இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் கல்யாணராமன் படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு. கட்டிலுக்கு ஒரு பக்கம் பாகீரதி, இன்னொரு பக்கம் பிரியம்வதா. வாசல் நிலையை ஒட்டிப் பாண்டியம்மாள் நின்றாள். அவளை உள்ளே வா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

டாக்டர் சத்யப்ரியா கையில் ரிசல்ட்டோடு வந்தார். "ஏழு புள்ளி ரெண்டு. மூணரை தாண்டக் கூடாத நம்பர் இது. சாயந்திர மாத்திரையும் உள்ள போயி, தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா நாம இப்ப இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க." பிறகு கொஞ்சம் கோபமாக, "காய் சாப்பிடக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. கோஸும் சாப்பிடலாம், கீரையும் சாப்பிடலாம். எப்பவும் ஒரே மாதிரி அளவா இருக்கணும், அவ்வளவுதான். சாறு, பவுடர், சத்து மாத்திரைன்னு எதையும் என்னைக் கேக்காம ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. யாருங்க இவருக்கு இதச் சொன்னது?"

கல்யாணராமன் தலையைத் திருப்பினார். கதவோரம் ஒளிந்து நின்ற முத்துப்பாண்டி மேல் கண் பட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்கதானே அது! பார்க்குல என்னமாப் பேசினேள்! பிரியா, நான் சொன்னேனே, கோஸ் பத்திப் பேசினாரே, அந்த மகானுபாவர் இவர்தான்!"

பிரியம்வதா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. முத்துப்பாண்டி ஃபைலிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

"மேடம், மாத்திரைய யாரும் மாத்தல. பாதிக் கட்டுரையப் படிச்சிட்டு ஊருக்கே பேசுன முட்டாள் நான். அப்பறம் அதே முட்டாள்தான் இந்தம்மா மேல பழியப் போட்டேன். இவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். என்னைய மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியத இல்ல."

"அண்ணன் இம்புட்டு வரியச் சேந்தாப்புல தப்பில்லாமப் பேசி நான் கேட்டதே இல்ல" என்று நாகஜோதி முணுமுணுத்தாள். ஆனாலும் அவன் தோளில் லேசாகத் தட்டினாள்.

பாகீரதி புருஷனைப் பார்த்தாள். "தொவைக்கிற கல்லாண்டையா நின்னு குடிச்சேள்? அவளை வாசல்ல நிறுத்தி உங்க பொண்ணு கேக்கறச்சே வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"வெறும் காய்தானேன்னு இருந்துட்டேன்" என்றார் கல்யாணராமன். முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. "சத்தியமாத் தோணலை. பாண்டியம்மா, தப்பு பண்ணிட்டேன்."

பிரியம்வதா எழுந்து வாசலுக்கு வந்தாள். "திங்கக்கிழமை வந்துடறேளா, பாண்டியம்மா?" ஆறு வருஷத்தில் முதல்தடவையாக 'வா' என்று சொல்லாமல் 'வரேளா' என்று கேட்டாள்.

பாண்டியம்மாள் நிலையை விட்டு நகரவில்லை. "என் பெட்டியத் தொறந்து காட்டச் சொன்னியே பாப்பா. சேலய ஒண்ணொண்ணா ஒதறிக் காட்டுனேனே. தம்பி வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு எறங்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாரேன். ஐயாவுக்கு நான் ஆக்கிப் போடாம யாரு போடுவா? ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். அவரு மருந்து மாத்திரைய இனி நான் கையால தொட மாட்டேன். அத நீ வந்து குடு. தெனமும்."

"ஆறு மணிக்கு நான் பேங்க்லேர்ந்தே கிளம்பியிருக்க மாட்டேனே..."



அப்போது நர்ஸ் சின்னக் கோப்பையில் மருந்தோடு வந்தாள். ரத்தக் கசிவை நிறுத்த டாக்டர் எழுதிய மருந்து. பாட்டியா, அத்தையா, யார் எவர் என்றெல்லாம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. வாசலில் நின்ற பாண்டியம்மாளிடம் நீட்டினாள்.

"அட்டெண்டர் நீங்கதானம்மா? இத அவருக்குக் குடுத்துருங்க."

பாண்டியம்மாளின் கை பழக்கத்தில் பாதி எழுந்தது. பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, சுவரோடு சேர்ந்து நின்றாள். நர்ஸ் புரியாமல் விழித்தாள். முத்துப்பாண்டி தரையைப் பார்த்தான்.

பிரியம்வதா கோப்பையை வாங்கினாள். அவசரத்தில் ஒரு சொட்டு அவள் விரலில் சிந்தியது. கட்டிலருகே போய் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். எந்தப் பக்கமாகப் பிடித்தால் அவருக்கு விழுங்க வசதி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வலது பக்கமாச் சாய்ச்சுப் புடி பாப்பா" என்றாள் பாண்டியம்மாள், வாசலில் இருந்தபடியே. "அப்பத்தான் ஐயாவுக்குப் பொரையேறாது."